பிரபுக்களின் மாளிகையும் கர்நாடகத்து நெல்லும்

இங்கிலாந்துக்குச் சென்று திரும்பும் நம்மவர்கள், அங்கே கண்டவற்றுள் லண்டன் மாநகரத்தின் வீதிகளைக் காட்டிலும் மிகுதியாக வியந்து பேசுவது, அந்நாட்டின் கிராமப்புறங்களில் பசும்புல் வெளிகளுக்கும் ஓக் மரச் சோலைகளுக்கும் நடுவே பல தலைமுறைகளாகக் குலையாமல் நிற்கும் பிரபுக்களின் மாளிகைகளைப் பற்றித்தான். பேச்சு மாளிகையோடு நின்றுவிட்டால் குற்றமில்லை; ஆனால் அதைத் தொடர்ந்து ஒரு சரித்திர சித்தாந்தமும் தவறாமல் வந்து சேருகிறது. அந்த மாளிகைகளை எழுப்பியது அவற்றைச் சூழ்ந்த பண்ணைகளின் விளைவே என்றும், அவற்றுக்கு உரியவர்கள் கடல் கடந்து பொருள் தேடியிருந்தால் அது அவர்களுடைய உழைப்புக்கும் துணிச்சலுக்கும் கிடைத்த ஊதியமே என்றும், நம் நவாபுகளோ ஊதாரித்தனத்தால் கடன்பட்டுக் கெட்டார்கள் என்றும், கட்டியதைக் காப்பாற்றும் குணம் அவர்கள் இரத்தத்தில் ஊறியது, நம்மிடம் அது கிடையாது என்றும் சொல்லப்படுகிறது. தொலைக்காட்சித் தொடர்கள் வந்த பிறகு இந்த அபிப்பிராயம் படித்தவர், படியாதவர் என்ற வேறுபாடின்றிப் பரவிவிட்டது.

இதை மறுக்கப் புகுகிறவன் அடி அண்ணாமலையில் இருந்துகொண்டு மறுப்பானேன் என்று கேட்கலாம். கிரிவலப் பாதையில், மலையின் மேற்குப் புறத்தில், ஆதி அருணாசலேசுவரர் கோயிலையும் மாணிக்கவாசகர் கோயிலையும் உடைய இந்தச் சிற்றூருக்கும் ஹார்ட்ஃபோர்ட்ஷையர் மாகாணத்து மாளிகைக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றுவது இயல்பே. சம்பந்தம் உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இம்மலையைச் சுற்றிய சீமை ஆர்க்காட்டு நவாபின் கர்நாடக ராஜ்யத்தைச் சேர்ந்தது; 1753 முதல் 1790 வரை திருவண்ணாமலை முற்றுகைக்கு மேல் முற்றுகையைக் கண்டது; பெரிய கோயிலின் மதில்கள் கோட்டைச் சுவர்களாகப் பயன்பட்டன. அந்த யுத்தங்களின் செலவுக் கணக்கை எழுதியவர்களும், அந்தக் கணக்கின் மேல் வட்டி வாங்கியவர்களும் ஊர் திரும்பிக் கட்டிய, அல்லது வாங்கிய மாளிகைகளைப் பற்றியதே இக்கட்டுரை.

முதலாவதாக, மாளிகைகள் பண்ணை விளைவால் எழுந்தன என்ற கூற்றை எடுத்துக்கொள்வோம். இது முழுப் பொய் அன்று; கோதுமையும் கம்பளியும் குத்தகைப் பணமும் நிலக்கரியும் கட்டிய மாளிகைகள் அந்நாட்டில் ஏராளம். இத்தகைய பழைய மாளிகைகள் பலவற்றைப் பராமரித்து வரும் நேஷனல் டிரஸ்ட் என்னும் ஸ்தாபனம் 2020இல் வெளியிட்ட அறிக்கையில், தன் பொறுப்பிலுள்ளவற்றுள் 93 இடங்களுக்கு அடிமை வியாபாரத்தோடோ காலனி ஆட்சியோடோ தொடர்பு உண்டு என்று ஒப்புக்கொண்டபோது அங்கே பெரிய கூச்சல் எழுந்தது. அந்த எண்ணிக்கையையே எதிர்த்தரப்பாரும் எடுத்துக்காட்டி, மற்றவை சுத்தமானவைதாமே என்று வாதிக்கலாம். வாதிக்கட்டும். நாம் கேட்பது, எல்லா மாளிகைகளையும் பற்றிப் பொதுவாகச் சொல்லப்படும் ஒரு புகழ்ச்சி, நம் சீமையோடு தொடர்புடைய மாளிகைகளுக்குப் பொருந்துமா என்பதே.

உட்ஹால் பார்க் என்பது ஹார்ட்ஃபோர்ட்ஷையரில் உள்ளது. அங்கிருந்த பழைய வீடு 1771இல் தீக்கிரையாயிற்று. அந்த நிலத்தை 1774இல் விலைக்கு வாங்கியவர் தாமஸ் ரம்போல்டு. கிழக்கிந்தியக் கம்பெனியின் ஊழியராக வந்து, திருச்சிராப்பள்ளி யுத்தத்திலும் பிளாசிப் போரிலும் ஈடுபட்டு, பிறகு பாட்னாவில் தலைமை அதிகாரியாய் இருந்து பொருள் சேர்த்தவர். தாமஸ் லெவர்ட்டன் என்ற சிற்பாசாரியாரைக் கொண்டு 1777இல் அவர் தொடங்கிய புது மாளிகை முற்றுப்பெறுவதற்குள் அவரே சென்னையின் கவர்னராக நியமனம் பெற்று 1778 பிப்ரவரியில் இங்கே வந்து இறங்கினார். அந்த மாளிகையில், செப்புத்தகட்டுச் சித்திரங்களின் அச்சுப் பிரதிகளைச் சுவரோடு சுவராக ஒட்டி, அவற்றுக்குச் சட்டமும் தோரணமும் இருப்பதுபோல் காகிதத்தாலேயே அலங்கரித்த ஓர் அறை உண்டு. 1782இல் அமைந்த அந்த அறையைக் கலையறிந்தவர்கள் இன்றும் போய்ப் பார்க்கிறார்கள். ரம்போல்டு இறந்தபின், 1794இல் அம்மாளிகையை வாங்கியவர் பால் பென்ஃபீல்டு. இவரைப் பற்றிப் பின்னால் விரிவாகப் பேசவேண்டியிருக்கிறது. ஆக, கட்டியவர் கம்பெனியின் கவர்னர். வாங்கியவர் கம்பெனியின் குமாஸ்தாவாக வந்த வட்டிக்காரர். இந்த இரண்டு கைகளிலும் அந்தப் பண்ணையின் விளைச்சல் மாளிகையைக் கட்டவில்லை. வேறெங்கோ சேர்ந்த செல்வம் அந்தப் பண்ணையையும் சேர்த்தே வாங்கியது.

இது தனி உதாரணம் அன்று. 1698 முதல் 1709 வரை சென்னைக் கோட்டையின் கவர்னராக இருந்த தாமஸ் பிட், இங்கே ஒரு வியாபாரியிடம் வாங்கிய வைரத்தை 1717இல் பிரெஞ்சு ராஜப் பிரதிநிதிக்கு 1,35,000 பவுனுக்கு விற்று, கார்ன்வாலில் பொகோனக் என்னும் பெரும் பண்ணையைத் தனதாக்கிக்கொண்டார். பிற்காலத்தில் பிரதம மந்திரிகளை அளித்த குடும்பம் அது. பாதிரியாராக வந்து கவர்னராக உயர்ந்த ராபர்ட் பாக், டெவன்ஷயரில் ஹால்டன் மாளிகையை வாங்கினார். இராமேசுவரத்துக்கு வடக்கேயுள்ள பாக் நீரிணை அவர் பெயரையே இன்றும் தாங்கி நிற்கிறது.

இரண்டாவது கூற்று, அது உழைப்பின் ஊதியம் என்பது. கம்பெனியின் எழுத்தராக வரும் இளைஞனுக்கு அந்நூற்றாண்டின் முற்பகுதியில் வருஷச் சம்பளம் 5 பவுன். சொந்த வியாபாரம் செய்துகொள்ள அனுமதி இருந்ததால் அதைக் கொண்டு பிழைத்தார்கள் என்பது உண்மையே. அதை யாரும் குற்றமாகச் சொல்லவில்லை. ஆனால் ரம்போல்டு சென்னையில் கவர்னராக இருந்த, இரண்டு ஆண்டுகளுக்குச் சற்று மேற்பட்ட காலத்துக்குள் தாய்நாட்டுக்கு அனுப்பிய தொகை 1,64,000 பவுன் என்றும், அவருடைய சம்பளமும் படிகளும் வருஷத்துக்கு 20,000 பவுனுக்கு மேற்படவில்லை என்றும் அந்நாட்டுச் சரித்திரக்காரர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். நியாயத்தை மறைக்கக் கூடாது: அந்தத் தொகையில் பெரும்பகுதி வங்காளத்தில் முன்னமே சேர்த்தது என்று அவர் பக்கத்தார் விடை கூறினார்கள், அதில் உண்மையும் இருக்கக்கூடும். ஆயினும் அந்தச் சமாதானம் சொல்வதெல்லாம், பணம் கூவத்தங்கரையிலிருந்து வரவில்லை, கங்கைக்கரையிலிருந்து வந்தது என்பது மட்டுமே. கம்பெனி டைரக்டர்கள் 1781இல் அவரைக் கம்பெனியின் சேவையிலிருந்தே நீக்கினார்கள். பாராளுமன்றத்தில் அவர்மேல் கொண்டுவரப்பட்ட தண்டனை மசோதா முடிவு காணாமலே கைவிடப்பட்டது.

மூன்றாவது கூற்றே இவற்றுள் மிக ஆழமாக வேரூன்றியது. ஆதலால் இங்கே சற்று நின்று பேசுவோம். நவாபு முகம்மது அலி வாலாஜா ஊதாரி, கடன் வாங்கினார், கொடுத்தவர்கள் கேட்டார்கள், இதில் கொடுத்தவர் குற்றம் என்ன என்பது கேள்வி. நவாபு சிக்கனக்காரர் என்று நிரூபிக்க நான் வரவில்லை. ஆர்க்காட்டை விட்டுச் சென்னைக்கு வந்து, சேப்பாக்கத்தில் 1768ஆம் ஆண்டளவில் அரண்மனை கட்டி, கடன்காரர்களின் அண்டை வீட்டுக்காரராகவே குடியேறியவர் அவர். அந்த அரண்மனையைக் கட்டியவர் என்று சொல்லப்படுபவரும் பென்ஃபீல்டுதான் என்பது சரித்திரத்தின் குறும்பு. ஆனால் கடனின் ஊற்றுக்கண் அரண்மனை அன்று, யுத்தம். பிரெஞ்சுக்காரர்களோடு கம்பெனி நடத்திய போர்கள் நவாபின் பெயரால் நடந்தன. வெற்றிகள் கம்பெனியின் வெற்றிகளாயின. செலவு மட்டும் நவாபின் கணக்கில் ஏறியது. கம்பெனிக்குத் தவணை தவறாமல் பணம் கட்ட வேண்டிய நவாபுக்குக் கையில் ரொக்கம் இல்லாதபோது, அதே கம்பெனியின் ஊழியர்கள் தனிப்பட்ட முறையில் கடன் கொடுக்க முன்வந்தார்கள். அதாவது, பகலில் கச்சேரியில் உட்கார்ந்து நவாபை நெருக்குகிறவர்களே, மாலையில் அவர் வாசலில் பணப்பையோடு நின்றார்கள். தொடக்கத்தில் வட்டி, நம் ஊர் வழக்கில் சொன்னால், மூன்று வட்டி வரைக்கும் இருந்தது. நூற்றுக்கு மாதம் மூன்று, வருஷத்துக்கு முப்பத்தாறு. பிற்பாடு இருபத்தைந்து, இருபது, பத்து என்று படிப்படியாகக் குறைக்கப்பட்டது; குறைக்கும்போதெல்லாம் பழைய வட்டி முதலோடு சேர்க்கப்பட்டுப் புதிய முதலாயிற்று.

கடனுக்கு ஈடு என்ன? நகையும் இல்லை, மாளிகையும் இல்லை. சீமைகளின் வரி வசூல். இன்ன சீமையின் இந்த வருஷத்து வசூல் இன்ன துரைக்கு என்று நவாபு தன்கா என்னும் உரிமைப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிடுவார். அந்தச் சீமையைக் குத்தகை எடுத்த அமுல்தார், சௌகாரிடம் முன்பணம் வாங்கித் துரைக்குக் கட்டிவிட்டு, போட்ட முதலையும் அதற்கு வட்டியையும் தன் லாபத்தையும் களத்துமேட்டிலிருந்து எடுக்க வேண்டும். ராஜாங்கத்துக்கு மேல்வாரம், உழுதவனுக்குக் குடிவாரம் என்று வழிவழி வந்த பங்கீடு ஏட்டில் இருந்தது. களத்தில் குடியானவனுக்கு மிஞ்சியது அடுத்த விதைப்புக்குப் போதாது. இதற்கிடையே ஏரி மராமத்துக்கு யார் பணம் ஒதுக்குவார்கள்? மழையை நம்பி, ஏரியை நம்பிப் பயிரிடும் வட ஆர்க்காட்டு, தென்னார்க்காட்டுப் பக்கத்து ஜனங்களுக்கு அது உயிர்க்கேள்வி.

பென்ஃபீல்டின் விவகாரம் இதற்குச் சரியான உதாரணம். 1764இல் சென்னைக்கு வந்த இவர், கோட்டைக் கொத்தளங்களையும், கறுப்பர் நகரத்தைச் சுற்றிய மதிலையும் கட்டும் ஒப்பந்தங்களை எடுத்தார். சென்னை சென்ட்ரல் நிலையத்தை ஒட்டிச் செல்லும் வால்டாக்ஸ் சாலையின் பெயர் அந்த மதிலுக்காக விதிக்க நினைத்த வரியிலிருந்து வந்தது. 1773இல் கம்பெனிப் படையின் உதவியால் நவாபு தஞ்சாவூரைப் பிடித்தார். 1776இல் டைரக்டர்களின் உத்தரவுப்படி கவர்னர் பிகட் பிரபு அதைத் துளஜா மகாராஜாவிடம் திருப்பிக் கொடுக்க முற்பட்டபோது, சில நூறு பவுன் சம்பளக்காரரான பென்ஃபீல்டு எழுந்து, தஞ்சாவூர் வருமானத்தின்மேல் தமக்கு நவாபு எழுதிக்கொடுத்தது 1,62,000 பவுன் என்றும், தனிப்பட்டவர்கள் தமக்குத் தரவேண்டியது, வயலில் நிற்கும் பயிரின்மீது பாத்தியதையோடு, 72,000 பவுன் என்றும் உரிமை கொண்டாடினார். கவர்னர் மறுத்தார். முடிவு என்ன? ஆலோசனை சபையின் பெரும்பான்மையோர் ஆகஸ்டு 24ஆம் தேதி கவர்னரையே கைது செய்தார்கள். அவர் காவலில் இருந்தபடியே 1777 மே மாதத்தில் இறந்தார். காவிரிக் கரையில் நின்ற நெற்பயிருக்காகச் சென்னைக் கோட்டையின் கவர்னர் சிறைப்பட்டு மாண்ட இந்தச் சம்பவத்தை அறிந்த பிறகும், துரைமார்கள் வெறும் கடன் கொடுத்தவர்கள்தாமே என்று சொல்ல யாருக்கு மனம் வரும்? இடையில் ஒன்று சொல்லிவிடுகிறேன்: அந்தப் பிகட் பிரபுவும் முதல் தடவை கவர்னராக இருந்து திரும்பியபின் 1765இல் ஸ்டாஃபோர்ட்ஷையரில் பாட்ஷல் என்ற மாளிகையை வாங்கியவர்தான். இந்தக் கதையில் முற்றும் வெள்ளையுள்ளம் படைத்தவரைத் தேடி அலைய வேண்டாம்.

கடன் என்று பெயர் பெற்ற எல்லாவற்றிலும் பணம் கைமாறியதா என்பதும் கேட்கத்தக்க கேள்வியே. 1777இல், நவாபின் குதிரைப்படையைக் கலைக்க வேண்டும், அதற்குமுன் சிப்பாய்களின் சம்பளப் பாக்கியைத் தீர்க்க வேண்டும் என்று ஏற்பட்டபோது, டெய்லர், மஜெண்டி, கால் என்ற மூன்று துரைமார் 1,60,000 பவுன் கொடுப்பதாக ஏற்றுக்கொண்டு, அதற்கு ஈடாகச் சீமைகளின் வசூலைப் பெற்றார்கள். வசூல் அவர்கள் கைக்கு வந்தது. சிப்பாய்களின் சம்பளமோ அதன் பிறகும் நெடுங்காலம் நிலுவையில் நின்றது. இதை அம்பலப்படுத்தியவர் நம் தேசபக்தர் எவரும் அல்லர். 1785 பிப்ரவரி 28ஆம் தேதி ஆங்கிலப் பாராளுமன்றத்தில் ஆர்க்காட்டு நவாபின் கடன்களைப் பற்றி நெடும் பிரசங்கம் செய்த எட்மண்ட் பர்க்தான். பென்ஃபீல்டு தம்மையும் சேர்த்து எட்டுப் பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினார் என்றும் அவரே குற்றஞ்சாட்டினார். அவ்வளவு பேசியும், கடன்களின் உண்மையை விசாரிக்காமலேயே கர்நாடகத்தின் வருமானத்திலிருந்து அவற்றைத் தீர்க்க மந்திரிசபை ஏற்பாடு செய்துவிட்டது. ஐந்து ஆண்டுகளுக்கு முன்புதான் மைசூர் ஹைதர் அலியின் படையெடுப்பால் அந்தக் கர்நாடகம் சாம்பலாகியிருந்தது என்பதையும் இத்துடன் சேர்த்து நினைக்க வேண்டும்.

1767 என்ற ஒரே ஆண்டைப் பார்த்தால் எல்லாம் விளங்கும். அவ்வாண்டின் ஜனவரியில் ராபர்ட் பாக் பதவியை விட்டுக் கப்பலேறினார். அதே ஆண்டில் நவாபின் பழைய கடன்கள் ஒன்றுதிரட்டப்பட்டு ஒரே பெருங்கடனாக உருவாயின. செப்டம்பரில் ஹைதரும் ஹைதராபாத் நிஜாமும் சேர்ந்து வர, கம்பெனிப் படையின் தலைவர் கர்னல் ஸ்மித் செங்கம் கணவாய் வழியே பின்வாங்கித் திருவண்ணாமலையில் நிலைகொண்டு, மாதக் கடைசியில் இங்கே அவர்களை முறியடித்தார். பாக் ஊர் போய் மாளிகை வாங்கினார். இங்கே அடுத்த இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் படைகள் வருவதும் போவதுமாக இருந்தன.

நான்காவது, காப்பாற்றும் குணம். முதலில் உட்ஹால் பார்க்கையே எடுத்துக்கொள்வோம். பென்ஃபீல்டு லண்டனில் பாய்டு என்பவரோடு கூட்டுச் சேர்ந்து நடத்திய லேவாதேவி நிலையம் நொடித்துப் போயிற்று. 1801இல் மாளிகை சாமுவேல் ஸ்மித் என்ற வங்கிக்காரர் கைக்கு மாறியது. கர்நாடகத்தையே அடமானம் பிடித்தவர் 1810இல் பாரிஸ் நகரத்தில் வறுமையில் இறந்தார். அவர் வாங்கிய மாளிகையை அவர் பத்தாண்டுகூட வைத்துக்கொள்ளவில்லை. பாக் குடும்பத்தின் ஹால்டன் மாளிகை 1920களில் பெரும்பாலும் இடித்துத் தள்ளப்பட்டது. பாக்கின் நண்பரான ஸ்டிரிஞ்சர் லாரன்ஸ் தளபதியின் நினைவாக 1788இல் எழுந்த முக்கோணக் கோபுரமே குன்றின்மேல் மிஞ்சியது. 1875 முதல் 1880 வரை சென்னைக் கவர்னராக இருந்து, தாது வருஷப் பஞ்சத்தில் தம் பெயர் தாங்கும் கால்வாயின் ஒரு பகுதியை வெட்டுவித்த பக்கிங்ஹாம் கோமகனின் குடும்பம், உலகப் புகழ்பெற்ற ஸ்டோ மாளிகைக்கு உரியது. அவருடைய தந்தையின் கடனுக்காக 1848இல் அம்மாளிகையின் தட்டுமுட்டுச் சாமான்கள் நாற்பது நாள் ஏலம் போயின! இந்தத் தந்தையையும் ஊதாரி என்று எழுதுவார்களா, அல்லது அந்தப் பட்டம் நவாபுகளுக்கு மட்டும் ஒதுக்கப்பட்டதா? கடனில் ஆழ்ந்திருந்த வேல்ஸ் நாட்டுப் போவிஸ் கோட்டையை மீட்டது சிக்கனம் அன்று. ராபர்ட் கிளைவின் மகன் எட்வர்டு அந்தக் குடும்பத்துப் பெண்ணை 1784இல் மணந்துகொண்டு கொண்டுவந்த இந்தியச் சொத்து. திப்பு சுல்தானின் கூடாரம் இன்றும் அங்கேதான் இருக்கிறது.

இருபதாம் நூற்றாண்டில் வாரிசு வரி முதலிய சுமைகளைத் தாங்காமல் இடிக்கப்பட்ட ஆங்கில மாளிகைகள் ஆயிரத்துக்கு மேல் என்பதை 1974இல் விக்டோரியா ஆல்பர்ட் மியூசியத்தில் ஒரு கண்காட்சியாகவே வைத்துக் காட்டினார்கள். எஞ்சியவற்றில் பல பள்ளிக்கூடங்களாகவும் ஹோட்டல்களாகவும் மாறின. உட்ஹாலும் ஸ்டோவும் இப்போது பள்ளிக்கூடங்கள். பல, பொதுஜன நிதியாலும் டிரஸ்டுகளாலும் நிற்கின்றன. நிற்பதற்குக் காரணம் சட்டமும் பணமும், இரத்தம் அன்று. நம் பக்கத்தில் ஆரணி ஜாகீர்தார்கள் பூசிமலைக்குப்பத்தில் மேனாட்டு மோஸ்தரில் எழுப்பிய மாளிகையை, ஊரார் கண்ணாடி மாளிகை என்று சொல்வதை, இடிந்த நிலையில் பார்த்து, நமக்குக் காப்பாற்றத் தெரியவில்லை என்று பெருமூச்சு விடுகிறவர்கள், 1948ஆம் ஆண்டு எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்தையும் நினைவில் கொள்ள வேண்டும். நிலம் குடியானவனுக்குப் போன பிறகு மாளிகைக்கு வருமானம் ஏது? அந்தச் சட்டம் தவறு என்று சொல்ல நான் துணியமாட்டேன். மாளிகை நிற்பதைக் காட்டிலும் பட்டா கைக்கு வந்தது மேல். ஆயினும், பழைய கட்டடங்களைப் பேணுவதில் நம் அரசாங்கங்களும் நாமும் அசட்டையாக இருக்கிறோம் என்ற குறையில் உண்மை இருக்கிறது. அந்த அளவுக்கு எதிர்த்தரப்பாரோடு நான் உடன்படுகிறேன். சேப்பாக்கத்து மாளிகையின் ஒரு பகுதி 2012இல் தீப்பற்றி எரிந்த பிறகுதான் அதன் அருமை நமக்கு உறைத்தது.

கடைசியாக ஒரு சமாதானம் சொல்லப்படுவதுண்டு: அது ஏதோ ஓர் ஒழுங்கற்ற காலத்து விபரீதம், சில துர்நடத்தையுள்ள மனிதர்களோடு அது தீர்ந்துவிட்டது என்று. ரம்போல்டு கவர்னரின் பேரன் சர் வில்லியம் ரம்போல்டு, ஹைதராபாத்தில் நிஜாமுக்குக் கடன் கொடுத்த பாமர் கம்பெனியின் பங்காளி; தாத்தா கவர்னராக இருந்த காலத்தில் ஆர்க்காட்டில் நடந்தது, பேரன் காலத்தில் ஹைதராபாத்தில் நடந்தது. அந்தப் பேரன் 1830களின் தொடக்கத்தில் உதகமண்டலத்தில் கட்டிய வீடுதான் இன்றைய ஊட்டி கிளப். வெள்ளைத் தூண்கள் வரிசையாக நிற்கும் அந்தக் கட்டடத்தில் ஸ்னூக்கர் விளையாட்டின் விதிகள் தொங்கவிடப்பட்ட கதையைச் சொல்லாதவர் இல்லை. கட்டியவரின் தொழிலைச் சொல்வாரைத்தான் காணோம்.

1801இல், எட்வர்டு கிளைவ் சென்னைக் கவர்னராக இருந்தபோது, கர்நாடக ராஜ்யம் முழுவதையும் கம்பெனி தன் வசம் எடுத்துக்கொண்டது. நவாபின் கடன் பத்திரங்களை விசாரிக்க 1805இல் கமிஷனர்கள் நியமிக்கப்பட்டார்கள். கால் நூற்றாண்டு நீடித்த அந்த விசாரணையில் அவர்கள் முன் வந்த பாத்தியதைகள் 3,04,04,919 பவுன். மெய்யான கடன் என்று அவர்கள் ஒப்புக்கொண்டது 26,86,148 பவுன். பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அந்த ஒரு பங்கும் கர்நாடகத்துச் சீமைகளின் நிலவரியிலிருந்தே கொடுத்துத் தீர்க்கப்பட்டது.